எத்தனை வெள்ளி இருந்தால் வேலையை விடலாம்?
(சுங்கைப்பட்டாணியில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



கடாரம் எனப்பட்ட கெடாவில் மேடை ஏறினால் ராஜேந்திர சோழனில் தொடங்குவது நம் வழக்கம். இன்றைக்கு அவரை விட்டுவிடுவோம். அவருக்கு இபிஎஃப் கணக்கு தேவைப்படவில்லை. நமக்குத் தேவைப்படுகிறது.

இன்று நான் பேச வந்தது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. நாளைக் காலையிலிருந்து வேலைக்கே போகவேண்டாம், சாகும்வரை போகவேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்ய, அவர் கையில் எவ்வளவு பணம் இருக்கவேண்டும்? இரண்டு லட்சமா? ஐந்து லட்சமா? பத்து லட்சமா? சிலர் சிரிக்கிறீர்கள். "ஐயா, முதலில் இந்த மாதக் கடைசியைத் தாண்டுவோம்" என்று சொல்கிற சிரிப்பு அது. சிரியுங்கள். ஆனால், கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்போம்.

நம் தாத்தா பாட்டிமார் எப்படி வேலையை விட்டார்கள்? போதுமான பணம் சேர்ந்துவிட்டது என்று கத்தியைக் கீழே வைத்தவர்கள் எத்தனை பேர்? பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில் பக்கத்துத் தோட்டங்களில் வேலை மூன்று விதமாகத்தான் நின்றது. உடம்பு விழுந்தது, வேலை நின்றது. வயது 55 ஆனது, வேலை நின்றது. தோட்டத்தையே விற்றார்கள், எல்லாருக்கும் சேர்த்து வேலை நின்றது.

பால்மரம் வெட்டு என்பது கண்ணை நம்பிய தொழில். இருட்டோடு எழுந்து பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கி, பட்டையை மெல்லிசாகச் சீவவேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் இறங்காது. மயிரிழை கூடினால் மரம் காயப்படும். மண்டோரிடம் பேச்சு வாங்கவேண்டும். கண் மங்கியவரை அதன்பிறகு நிரையில் விடமாட்டார்கள். ஆணாக இருந்தால் புல்வெட்டு, ஸ்டோர் கூட்டும் வேலை. பெண்ணாக இருந்தால் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்க்கும் வேலை. அதைத்தான் தோட்டத்தில் ஓய்வு என்றார்கள். ஓய்விலும் வேலை உண்டு, கூலி மட்டும் குறைவு.

முதலில் கப்பலேறி வந்தவர்களுக்கு மனத்தில் ஒரு தொகை இருந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். அடகில் கிடக்கும் நிலத்தை மீட்க இவ்வளவு, தங்கை கல்யாணத்துக்கு இவ்வளவு, திரும்பிப் போகக் கப்பலுக்கு இவ்வளவு. பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்குவதுதான் அவர்களுடைய ஓய்வுத் திட்டம். பலருக்கு அந்தத் தொகை சேரவே இல்லை. பலரைச் சேருவதற்குள்ளாகவே கப்பலேற்றி விட்டார்கள். 1930 முதல் 1932 வரை, உலகப் பெருமந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, மலாயாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1938-ல் இந்திய அரசு, தோட்ட வேலைக்குக் கப்பல் செலவு கொடுத்து ஆள் எடுப்பதை நிறுத்தியது. அதற்குப் பிறகு இங்கே தங்கியவர்களில் பெரும்பாலோர் இங்கேயே முதுமையும் அடைந்தார்கள்.

அந்தத் தொகை ஏன் சேரவில்லை? கூலி குறைவு, அது முதல் காரணம். கூலி போட்ட அதே தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடையும் இருந்தது, அது அடுத்த காரணம். இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் நம் கெடாவில்தான் இருந்தார்கள். போர் முடிந்த கையோடு, பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பியது. தோட்டம் தோட்டமாகப் போய்க் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். 1947-ல் பீடோங் வட்டாரத்தில் போலீஸ் நடவடிக்கையில் தொழிலாளர் உயிரும் போனது. வரலாறு எழுதுகிறவர்கள் இதைச் சங்கம், வேலைநிறுத்தம், அரசியல் என்ற தலைப்புகளில் எழுதுகிறார்கள். எழுதட்டும். எனக்கு இது வீட்டுக்கு வரும் காசு வீட்டுக்கே வரவேண்டும் என்ற போராட்டமாகவும் தெரிகிறது.

சரி. இனி கணக்கு.

1951-ல் ஊழியர் சேமநிதி, அதாவது இபிஎஃப், வந்தது. தோட்டத்துச் சனங்களுக்கு வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பூட்டு கிடைத்தது. கள்ளுக்கடைக்காரர் திறக்க முடியாத பூட்டு, மைத்துனர் கைமாற்றுக் கேட்டாலும் திறக்காத பூட்டு. இன்றைக்கு 5,000 வெள்ளிக்கு மேற்போகாத சம்பளத்தில் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13 விழுக்காடு. ஆக மொத்தம் 24. 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் 24 விழுக்காடு மாதம் 408 வெள்ளி, ஆண்டுக்கு 4,896 வெள்ளி.

இப்போது தம்பிமார்கள் கவனிக்கவேண்டும். சம்பளம் ஒரு காசுகூட ஏறவில்லை, ஈவு ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு என்று மட்டும் வைத்துக்கொள்வோம். 2024-ல் 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். நான் குறைத்தே போடுகிறேன். இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்து அறுபது வயதுவரை, நாற்பது ஆண்டு விடாமல் கட்டினால் ஏறத்தாழ 5 லட்சத்து 90 ஆயிரம். முப்பது வயதில் தொடங்கி அதே அறுபதுவரை கட்டினால்? நாலில் ஒரு பங்குதானே குறையும் என்று நினைப்போம். வருவது 3 லட்சத்து 25 ஆயிரம். பத்து ஆண்டு தவறியதற்கு விலை 2 லட்சத்து 65 ஆயிரம் வெள்ளி! அந்தப் பத்து ஆண்டில் கட்டியிருக்கவேண்டிய பணம் ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. "சேமநிதி பிடிக்காமல் முழுச் சம்பளமும் கையில் தருகிறோம்" என்று சொல்லும் கடைக்காரரிடம் நம் பிள்ளைகள் சேருகிறார்களே, அவர்கள் இழப்பது இதைத்தான்.

இந்தத் தொகை போதுமா? சேமநிதி வாரியமே இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. முன்பு அடிப்படைச் சேமிப்பு 2 லட்சத்து 40 ஆயிரம் வெள்ளி என்றார்கள். மாதம் ஆயிரம் வெள்ளி, இருபது ஆண்டு; பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். மாதம் ஆயிரம் வெள்ளியில் இன்று ஒரு குடும்பம் நடக்குமா? நடக்காது என்று வாரியத்துக்கும் தெரிந்தது. 2026 தொடங்கிப் படிப்படியாக அளவை உயர்த்துகிறார்கள். அறுபது வயதில் அடிப்படைக்கு 3 லட்சத்து 90 ஆயிரம், போதுமான நிலைக்கு 6 லட்சத்து 50 ஆயிரம், வசதியான நிலைக்கு 13 லட்சம். இருபது ஆண்டுக்குப் பிரித்தால் முதல் தொகையில் மாதம் 1,625 வெள்ளி. இரண்டாவதில் சுமார் 2,700.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு வேறு விதமாகப் பதில் சொல்கிறார்கள். 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் அந்த நாட்டுப் பங்கு, கடன் பத்திரங்களின் பழைய கணக்குகளை எல்லாம் எடுத்து வைத்து ஆராய்ந்தார். சேமிப்பில் முதல் ஆண்டு நாலு விழுக்காடு எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனால், முப்பது ஆண்டுக்குப் பணம் தாங்கும் என்று கண்டார். திருப்பிச் சொன்னால், உங்கள் ஓர் ஆண்டுச் செலவைப் போல இருபத்தைந்து மடங்கு. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து "நாற்பது வயதில் ரிட்டயர்" என்கிறார்களே, அதற்கு மூலம் இதுதான். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். அந்தக் கணக்கு முப்பது ஆண்டுக்குப் போட்டது. நாற்பதில் வேலையை விட்டால் ஐம்பது ஆண்டு ஓட்டவேண்டும். அதோடு அது அமெரிக்கப் பங்குச் சந்தையின் கணக்கு. மருத்துவச் செலவிலும் அவர்கள் நிலை வேறு. நமக்கு அரசாங்க மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவில் ஒரு வெள்ளி. இந்த ஊர் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்துக்கு யாரும் விலை போடவில்லை, அது வேறு கதை.

ஆனாலும் அந்த இருபத்தைந்து மடங்கை ஒரு காரியத்துக்காக நான் எடுத்துக்கொள்கிறேன். எந்தச் செலவு முதுமையை அதிகம் அழுத்துகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். ஒரு பேச்சுக்கு, சுங்கைப்பட்டாணியில் வயதான கணவன் மனைவி இருவர் மாதம் 1,800 வெள்ளியில் வாழ்கிறார்கள். ஆண்டுக்கு 21,600. இருபத்தைந்து மடங்கு 5 லட்சத்து 40 ஆயிரம். அதே இருவர் வாடகை வீட்டில் இருந்து மாதம் 700 வெள்ளி கூடுதலாகக் கட்டினால்? 7 லட்சத்து 50 ஆயிரம். இடையில் இருக்கும் 2 லட்சத்து 10 ஆயிரம் சோற்றுக்கு இல்லை, மருந்துக்கு இல்லை, வீட்டுக்காரருக்கு மட்டுமே!

இங்கேதான் நம் கதை மற்றவர் கதையிலிருந்து பிரிகிறது. இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன். மற்றவருக்கு வேலை போனால் சம்பளம் போகும். தோட்டத்துத் தமிழனுக்கு வேலை போனால் வீடும் போகும்! லயத்து வீடு யாருடையது? தோட்டத்துடையது. பிறந்தது அங்கே, வயதுக்கு வந்தது அங்கே, பிள்ளை பெற்றது அங்கே, வாசலில் மாரியம்மனுக்குக் கரகம் வந்து நின்றதும் அங்கே. ஆனால் செக்குரோல் என்ற ஆள்பதிவேட்டில் பெயர் இருக்கும்வரைதான் கூரை. முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு வாடகை கட்டாமல் வாழ்ந்தவர், 55 வயதில் முதன்முதலாக வீடு தேடிப் புறப்பட்டார். வங்கி கடன் கொடுக்கும் வயதா அது? சேமநிதியில் இருந்த சிறு தொகை ஒரு மலிவு வீட்டின் முன்பணமாகப் போனது. அல்லது மகன் வீட்டு நடு அறையில் ஒரு பாயாகப் போனது.

தோட்டமே கைமாறியபோது என்ன ஆனது? ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டு வாங்கியவருக்குப் பழைய தொழிலாளி எதற்கு? பழைய லயம் எதற்கு? பேராசிரியர் உங்கு அஜீஸ் இந்தத் தோட்டத் துண்டாடலை ஆராய்ந்து 1962-ல் அறிக்கையே எழுதினார். அதற்கு முன்பே, 1960-ல், அன்றைய மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார். நூறு வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு. பால்மரம் வெட்டுகிறவனிடம் பத்து வெள்ளி வாங்கித் தோட்டம் வாங்கப் போகிறாரா என்று ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் எது தெரியுமா? பேராவில் இல்லை, சிலாங்கூரில் இல்லை. நம் கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம் தோட்டம்!

பங்கு வைத்திருந்தவர்கள் அதனால் பணக்காரர் ஆனார்களா? இல்லை. மறுநாளும் அதே கத்தி, அதே வாளி, அதே நிரை. ஆனால், காலி செய் என்று யாரும் கதவைத் தட்டவில்லை. ஓய்வுக்காலத்துக்குச் சேர்ப்பது என்றால் நோட்டை அடுக்குவது என்று நாம் நினைக்கிறோம். சம்பந்தன் கூரையிலிருந்து தொடங்கினார். அவர் அரசியலோடு எனக்கு ஆயிரம் வேறுபாடு உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவர் கணக்கு சரி.

பத்து வெள்ளியை நம்பிக் கொடுத்த அதே சனங்கள், எண்பதுகளில் ம.இ.கா. தொடங்கிய முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தபோதும் கொடுத்தார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம். 2010-ல் ஒரு வெள்ளிப் பங்கு ஒன்றுக்கு 80 காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் 1984-ல் ஆயிரம் வெள்ளி போட்டிருந்தால் 800 வெள்ளி. இடையில் கிடைத்த சின்னச் சின்ன ஈவைச் சேர்த்தாலும் மனம் ஆறுமா? அதே ஆயிரம், ஆண்டுக்கு ஐந்து விழுக்காட்டில் பேசாமல் கிடந்திருந்தால், 26 ஆண்டில் 3,500 வெள்ளிக்கு மேல். சேமநிதியோ எண்பதுகளில் எட்டு விழுக்காடும் அதற்கு மேலும் கொடுத்துக்கொண்டிருந்தது. யாரையும் திட்ட இதைச் சொல்லவில்லை. திட்ட வேண்டியவர்கள் ஏற்கெனவே நன்றாகத் திட்டிவிட்டார்கள். சமுதாயத்தின் பெயரைச் சொல்லி யார் வந்தாலும், இந்தப் பணத்தை நான் கேட்கும் நாளில் எப்படித் திரும்பக் கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள். கூட்டு என்ற சீட்டுப் பிடிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். கூட்டுக்குத் தடைச் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது. நம் வீட்டு வாசலில் இன்னும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை!

அடுத்தது 55 வயது. 2013 ஜூலையிலிருந்து தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஆனால், சேமநிதியை 55-லேயே எடுக்கலாம். எடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. எடுத்தே தீரவேண்டும் என்று எங்கே சொல்கிறது? பணத்தை அங்கேயே விட்டு வைத்தால் நூறு வயதுவரை ஈவு உண்டு. தேவைக்குத் தேவை கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். நாம் என்ன செய்கிறோம்? 55 நெருங்கும்போதே வீட்டில் அந்தப் பணத்துக்குப் பங்கு பிரித்தாகிவிடுகிறது. மகள் கல்யாணம் ஐந்நட்சத்திர ஓட்டலில். மகனுக்குக் கார் முன்பணம். தம்பி மகனுக்குத் தொழில் தொடங்க. மிச்சத்தில் பழனி, ராமேஸ்வரம், காசி. திரும்பி வந்து பாஸ்புக்கைப் பார்த்தால் காசிக்குப் போனது நாமா, பணமா என்று தெரியவில்லை.

"பிள்ளைகள்தானே ஐயா எங்கள் பென்ஷன்" என்று ஓர் அம்மா சொல்வது காதில் விழுகிறது. உண்மைதான் அம்மா. அப்படித்தான் நாம் வளர்ந்தோம். ஆனால், அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறான்? ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு விடியுமுன் பாலம் கடக்கிறான். அவனுக்கும் வீட்டுக் கடன் இருக்கிறது, அவன் பிள்ளைக்கும் பள்ளிக்கூடச் செலவு இருக்கிறது. பெற்றவர்களைப் பார்க்கமாட்டான் என்று நான் சொல்லவில்லை. பார்ப்பான். அவன் சம்பளத்தை உங்கள் கணக்கில் ஏற்கெனவே வரவு வைத்துவிடாதீர்கள் என்கிறேன்.

தாய்மார்களுக்கு இன்னொரு கணக்கு. தோட்டத்தில் அம்மாவும் மரம் வெட்டினார், அப்பாவும் மரம் வெட்டினார். இருவர் பெயரிலும் சேமநிதி இருந்தது. தொகை சின்னதுதான், ஆனால் இரண்டு கணக்கு. டவுனுக்கு வந்தோம். அவர் கூலிம் தொழிற்பேட்டைக்குப் போகிறார், அம்மா வீட்டில் இருக்கிறார். சம்பளம் ஏறியது, வீட்டுக்குக் கல்சுவர் வந்தது, கணக்கு மட்டும் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. முன்னேற்றம் என்று பேசும்போது இதை யாரும் பேசுவதில்லை. பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். கணவர் போன பிறகும் ஓட்டவேண்டிய ஆண்டுகள் அம்மாவுக்குத்தான். வீட்டில் பலகாரம் செய்து விற்பவர், தையல் வேலை செய்பவர், பிள்ளை பார்த்துக் கொடுப்பவர் எல்லாரும் சேமநிதி வாரியத்தின் ஐ-சாரான் திட்டத்தில் தாங்களே கட்டலாம். கட்டுவதில் இருபது விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளிவரை, அரசாங்கம் சேர்த்துப் போடுகிறது. ஆண்டுக்கு 2,500 வெள்ளி கட்ட முடிந்தவருக்கு அந்த 500 முழுதாக வரும். முடியாதவர் முடிந்ததைக் கட்டட்டும். ஐயாமார்களே, நீங்கள் சேமநிதியில் வாரிசுப் பெயர் கொடுத்துவிட்டீர்களா? கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்த பெயரே இன்னும் இருக்கிறதா என்று நாளைக்கே பார்த்துவிடுங்கள். அந்த அலைச்சலை வீட்டில் இருப்பவர் தலையில் வைக்காதீர்கள்.

ஆகவே, எத்தனை வெள்ளி? என்னைக் கட்டாயப்படுத்தி ஓர் எண் கேட்டால் சொல்கிறேன். கெடாவில், கடன் அடைத்த சொந்த வீட்டில், இருவருக்கு, அறுபது வயதில், இருவர் கணக்கும் சேர்த்து நான்கு லட்சத்திலிருந்து ஐந்தரை லட்சம். வீடு இல்லையென்றால் அதன்மேல் இன்னும் இரண்டு லட்சம். கோலாலம்பூரில் இருப்பவர் இந்த எண்ணை வைத்துக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது. விலைவாசி ஆண்டுக்கு மூன்று விழுக்காடு ஏறினால், 24 ஆண்டில் எல்லா விலையும் இரட்டிக்கும். அதனால், இன்று இருபது வயதில் இருக்கிறவர் இந்தத் தொகையைத் தன் காலத்துக்கு ஏற்பப் பெருக்கிக்கொள்ளவேண்டும். ஐம்பதைத் தாண்டி, கணக்கில் ஐம்பதாயிரம்கூட இல்லாதவர் இங்கே நிறைய இருப்பீர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் நாடு முழுக்கச் சேமநிதியிலிருந்து சுமார் 14,500 கோடி வெள்ளி வெளியே எடுக்கப்பட்டது. அதில் உங்கள் பணமும் இருக்கும். உங்களுக்கு நான் ஐந்து லட்சத்தைப் பற்றிப் பேசினால் அது கேலியாகிவிடும். உங்களுக்கு முதல் வேலை வீட்டுக் கடனை முடிப்பது. அடுத்த வேலை, முடிந்தவரை 60-க்கு முன்னால் சேமநிதியில் கை வைக்காமல் இருப்பது. அறுபதுக்குப் பிறகும் உடம்பு இடம் கொடுத்தால், அரை நாள் வேலை பாருங்கள். மாதம் 600 வெள்ளி சம்பாதித்தால், அந்த 600 வெள்ளி சேமிப்பிலேயே தங்குகிறது.

இனி உங்கள் நேரம். கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம். வரும்போது, உங்கள் வீட்டு மாதச் செலவு எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். தெரியாவிட்டால் வீட்டம்மாவைக் கேட்டுக்கொண்டு வாருங்கள், அதுவரை காத்திருக்கிறேன்.